அதான் ஆன்லைன்ல இருக்கே!

போன வெள்ளிக்கிழமை ராத்திரி நிகழ்ச்சிக்காக ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால், இசைத்தட்டு ஓட்டுகிற இரண்டு டர்ன்டேபிளில் இடது பக்கத்ததைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் திரை உட்கார்ந்திருக்கிறது. ஏற்கெனவே அங்கே மூன்று திரை உண்டு, இது நாலாவது. டர்ன்டேபிள் எங்கேப்பா என்று கேட்டால், கண்ட்ரோல் ரூம் தம்பி செல்போனிலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறான்: "ஸ்டோர் ரூம்ல வச்சாச்சுண்ணே. ரெண்டு எதுக்கு? அதான் எல்லாம் ஆன்லைன்ல இருக்கே."

வாயில் நன்றாக வந்தது. ஒலிபரப்புக்கு ஆறு நிமிடம்தான் பாக்கி என்பதால் முழுங்கிவிட்டேன். அன்றைக்கு முழுங்கியதைத்தான் இன்றைக்குக் கக்குகிறேன்.

என் நிகழ்ச்சி வாரத்துக்கு ஒரு மணி நேரம். உள்ளூர் பங்க், உள்ளூர் ஃபங்க், இந்த இரண்டு வகைப் பாட்டு மட்டும். நடுவில் ஓர் ஆய்த எழுத்துதான் வித்தியாசம் என்று நானே அறிவிப்பில் கடி போடுவேன். (பெட்ரோல் பங்க்கா என்று கேட்ட புண்ணியவானை எப்போதோ மன்னித்துவிட்டேன்.) உள்ளூர் என்றால் பெரிய கம்பெனிகளின் கண்ணிலேயே படாத சமாச்சாரம். ஏதோ ஓர் ஊரில் நாலு பேர் சொந்தக் காசைப் போட்டு ஐநூறோ ஆயிரமோ ஏழங்குல இசைத்தட்டு அடித்திருப்பார்கள். கச்சேரி வாசலில் கொஞ்சம் விற்றிருப்பார்கள், ரேடியோ நிலையங்களுக்குக் கொஞ்சம் அனுப்பியிருப்பார்கள், மிச்சம் கட்டிலுக்கு அடியில் போயிருக்கும். பங்க் குழுவுக்கு வாசிக்கவே தெரிந்திருக்காது, கோபம் மட்டும் இருக்கும். ஃபங்க் குழு வாசிக்கிற வாசிப்பில் உட்கார்ந்திருப்பவன் இடுப்பு தானாக ஆடும். ஆனால் தட்டு பிறந்த விதம் இரண்டுக்கும் ஒன்றே. எனக்கு அந்தப் பிறப்பின் மேல்தான் பைத்தியம்.

சரி, ரெண்டு எதுக்கு என்று கேட்டான் அல்லவா? சொல்கிறேன்.

ஒரு பங்க் பாட்டு ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து டர்ன்டேபிளில் அடுத்த தட்டைப் போட்டு, நடுவில் இருக்கும் பெரிய துளைக்கு வில்லையைச் சொருகி, ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்துக்கொண்டு முதல் சத்தம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். கிடைத்ததும் தட்டைக் கையால் கால் சுற்று பின்னால் தள்ளி நிறுத்தி வைப்போம். மோட்டார் முழு வேகம் பிடிக்க ஒரு நொடி வேண்டுமே, அதற்காக. இந்தப் பாட்டின் கடைசி அடி விழும்போது அந்தத் தட்டை ஓடவிட்டால் இடைவெளியே தெரியாது. கேட்பவன் மூச்சு விட மறந்துபோவான். இருபது வருடமாக என் விரல்களுக்குத் தெரிந்த ஒரே நல்ல வேலை இதுதான்.

ஒரே ஒரு டர்ன்டேபிளை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். பாட்டு முடிகிறது. ஊசியைத் தூக்கு, தட்டை எடு, உறைக்குள் போடு, அடுத்ததை உருவு, வில்லையை மாற்று, ஊசியை வை, தேடு, பின்னால் தள்ளு. எப்படிப் பறந்தாலும் இருபத்தைந்து வினாடி. ரேடியோவில் இருபத்தைந்து வினாடி மௌனம் என்றால் நிலையமே செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அதனால் ஒரு கையால் தட்டைப் போட்டுக்கொண்டே மைக்கில் ஏதாவது உளற வேண்டும். ஒரு பாட்டுக்கு ஒரு உளறல். அன்றைக்கு எத்தனை பாட்டு போட்டேன் என்று கேட்காதீர்கள். ஒரு கட்டத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் தட்டின் உறை என்ன நிறம் என்று வர்ணித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடமிருந்து மெயில் வருகிறது: "இந்த வாரம் பேச்சு அதிகமாக இருந்தது. குறைத்துக்கொள்ளவும்."

தலையை எந்தச் சுவரில் மோதிக்கொள்வது?

அந்த அவசரத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய ஒரு தட்டை 33-ல் வேறு ஓடவிட்டுவிட்டேன். முக்கால் நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அதுவரை, பையன்கள் இவ்வளவு கனமாக வாசித்திருக்கிறார்களே என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். இதற்காக நான் வெட்கப்படவில்லை. 1967-லிருந்து 2004-ல் சாகும்வரை பிபிசி ரேடியோ 1-ல் ஊர் பேர் தெரியாத குழுக்களின் தட்டுகளாகப் போட்டுத் தள்ளிய ஜான் பீல் இந்தத் தப்புக்கே பேர்போனவர். 1978-ல் அன்டர்டோன்ஸ் என்ற வட அயர்லாந்துப் பையன்களின் முதல் தட்டு அவருக்குப் பிடித்துப்போய், ஒரே பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை ஒலிபரப்பினார். அதைச் செய்ய மட்டும் ஒரு டர்ன்டேபிள் போதும், ஒத்துக்கொள்கிறேன்.

ஃபங்க் கதை இன்னும் மோசம். அந்தக் காலத்து ஃபங்க் தட்டுகளில் நீளமான பாட்டு ஒரு பக்கத்தில் அடங்காது. முதல் பக்கத்தில் பாகம் ஒன்று, திருப்பினால் பாகம் இரண்டு. டிரம்ஸ் சூடு பிடிக்கிற நேரத்தில் ஒலி மங்கி நின்றுவிடும். இதற்காகவே சில தட்டுகளில் நான் இரண்டு பிரதி தேடித் தேடி வாங்கி வைத்திருக்கிறேன். இடது பக்கம் பாகம் ஒன்று, வலது பக்கம் பாகம் இரண்டு, நடுவில் ஒட்டே தெரியாமல் ஒரு தாவல். இப்போது இரண்டாவது பிரதியை வைத்து விசிறிக்கொள்ளலாம்.

இருக்கட்டும். ஆன்லைனில் எல்லாம் இருக்கிறது என்கிறார்களே, அதற்கு வருவோம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஹாக்னி சகோதரர்கள் என்று மூன்று கறுப்பின இளைஞர்கள். டேவிட், பாபி, டேனிஸ். குழுவின் பெயர் டெத், அதாவது சாவு. பங்க் என்று உலகம் பேர் வைப்பதற்கு முன்பே, 1975-ல், அதே வேகத்தில் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பேரை மாற்றினால் பெரிய கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்ற நிலை வந்தபோது அண்ணன் டேவிட் மாட்டவே மாட்டேன் என்றார். அடுத்த வருடம் சொந்த லேபிளில், அதாவது தாங்களே வைத்த தட்டுக் கம்பெனியில், 500 தட்டு அடித்தார்கள். எவனும் சீண்டவில்லை. டேவிட் 2000-ல் புற்றுநோயில் இறந்துபோனார். ஆனால் அந்த 500-ல் சில, தட்டு சேகரிப்பவர்களிடம் கை மாறிக்கொண்டே இருந்தன. அப்படிச் சுற்றிய பாட்டுதான் பல வருடம் கழித்து பாபியின் மகன்கள் காதில் விழுந்தது. அப்பா அப்படி ஒரு குழுவில் பாடியதே அவர்களுக்குத் தெரியாது. குரலை வைத்துக் கண்டுபிடித்தார்கள். 1975-ல் பதிவு செய்தது 2009-ல்தான் ஆல்பமாக வெளிவந்தது.

இன்றைக்கு அது ஆன்லைனில் இருக்கிறது, ஆமாம். எப்படி வந்தது? எவனோ ஒருத்தன் அந்த ஏழங்குலத் தட்டைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததால் வந்தது. அந்த ஆள் இரண்டாவது டர்ன்டேபிளை ஸ்டோர் ரூமுக்கு அனுப்புகிற ரகமாக இருந்திருக்க மாட்டான். இதில் இன்னொரு கூத்து: தேடுபெட்டியில் டெத் என்று அடித்தால் முதலில் வருவது ஃப்ளோரிடாவைச் சேர்ந்த அதே பெயருடைய மெட்டல் குழு. தம்பி அவசரத்தில் அதை எடுத்து என் நிகழ்ச்சியில் ஓடவிட்டால் கேட்பவர்களின் காதுக்கு நான் பொறுப்பில்லை.

இன்னொன்று சொல்கிறேன். 2000-களில் வந்த சின்னக் குழுக்கள் பல, தட்டு அடிக்கக்கூடக் காசில்லாமல் மைஸ்பேஸ் என்ற இணையதளத்தில் பாட்டை ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தன. அதான் ஆன்லைன்ல இருக்கே! 2019 மார்ச்சில் என்ன ஆயிற்று? சர்வர் மாற்றும்போது எல்லாம் அழிந்துவிட்டது என்று ஒரு அறிவிப்பு. சுமார் 5 கோடிப் பாட்டு போயிற்று என்று செய்திகளில் வந்தது. யாரோ நல்லவர்கள் முன்பே எடுத்து வைத்திருந்ததில் மீண்டது சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம். நூற்றுக்கு ஒன்று. என் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டி நழுவி விழுந்தால்கூட நூற்றில் தொண்ணூறு தட்டு தேறும்.

நான் ஆன்லைனில் கேட்காத யோக்கியன் இல்லை. பயணத்தில் கேட்கிறேன், பாத்திரம் கழுவும்போது கேட்கிறேன். அது வசதி. ஆனால் "இருக்கிறது" என்று சொல்ல அந்த வசதி போதாது.

ஏனென்றால் ஃபைலில் வராத விஷயம் ஏகப்பட்டது. தட்டின் பாட்டு முடிந்து, நடுவில் ஒட்டிய லேபிள் தாளுக்கு முன்னால் ஒரு வெற்று வளையம் இருக்கும். விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் அதில் யாரோ கூரான ஊசியால் கீறிய எழுத்து தெரியும். சிலது வெறும் எண். சிலதில் தட்டின் மூல அச்சை வெட்டியவரின் கையெழுத்து, சிலதில் கிண்டல், சிலதில் யாருக்கோ ஒரு திட்டு. ரேடியோ நிலையங்களிலிருந்து கழித்துக் கட்டிய பிரதிகளில் இன்னொரு அடையாளம் உண்டு. பாட்டின் முதல் இரண்டு வினாடியில் மட்டும் சர்ரென்று ஓர் இரைச்சல். முன்னே பின்னே தள்ளித் தள்ளித் தொடக்கத்தைத் தேடிய ஏதோ ஒரு தொகுப்பாளரின் ஊசி தேய்த்த தேய்மானம் அது. அந்த இரைச்சல் வரும்போதெல்லாம், முகம் தெரியாத அந்த ஆளுக்கும் இந்தப் பாட்டு திரும்பத் திரும்பத் தேவைப்பட்டிருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தோஷம். ஃபைலாக மாற்றுகிறவர்கள் முதலில் சுத்தம் செய்வது அதைத்தான்.

உறையைச் சொல்லாமல் விட முடியாது. வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிக்கூடத்துப் பையன்களின் குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்த பணத்தை ஆளுக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளாமல் ஒரு தட்டு போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்காக 1980-ல் தொடங்கியதுதான் டிஸ்கார்டு லேபிள். உறை எப்படிச் செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த வேறொரு தட்டின் உறையைப் பிரித்து விரித்து அளவெடுத்து, அச்சடித்த தாளைத் தாங்களே கத்தரித்து மடித்து ஒட்டினார்கள். 1977-ல் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு கடன் வாங்கித் தட்டு போட்டபோது, எந்தப் பாட்டு எத்தனையாவது முயற்சியில் பதிவானது என்பதைப் பின்னட்டையிலேயே போட்டது. நீயும் செய்யலாம் என்பதுதான் அதில் சேதி. திரையில் இதெல்லாம் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு சதுரம்.

அந்த பஸ்காக்ஸ் தட்டைப் பதிவு செய்த மார்ட்டின் ஹானட்தான் 1981-ல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸைச் சேர்ந்த ஈஎஸ்ஜி குழுவையும் பதிவு செய்தார். ஸ்க்ரோகின்ஸ் சகோதரிகள். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் பாட்டும்தான் பிரதானம், பெரிய அலங்காரமே இல்லாத ஃபங்க். பங்க் கூட்டமும் ஆடியது, ஃபங்க் கூட்டமும் ஆடியது. டேப்பில் மூன்று நிமிடம் மிச்சம் இருக்கிறதே என்று போகிற போக்கில் பதிவு செய்த அவர்களின் ஒரு பாட்டிலிருந்து பின்னாளில் எத்தனையோ பேர் துண்டு துண்டாக வெட்டித் தங்கள் பாட்டில் ஒட்டிக்கொண்டார்கள். வெறுத்துப்போய் 1992-ல் அந்தச் சகோதரிகள், பாட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு எங்கள் பெயரைப் போடுவதெல்லாம் எங்கள் பில்லைக் கட்டாது என்கிற அர்த்தத்தில் ஒரு தட்டுக்கே தலைப்பு வைத்தார்கள். ஏழங்குலத்துக்குள் இவ்வளவு கதை. இதை இருபத்தைந்து வினாடியில், ஒரு கையால் வில்லை மாற்றிக்கொண்டே எப்படி ஐயா சொல்வது?

அப்புறம் இந்த லிங்க் கேட்பவர்கள். பாட்டு முடிவதற்குள் செய்தி வந்துவிடும்: "சூப்பர் சார், லிங்க் அனுப்புங்க." இருநூறு பிரதிகூட அடிக்காத தட்டு, குழுவே கலைந்து போயிற்று, லிங்க் இல்லை என்று பதில் போட்டால், "அப்ப நீங்களே ஏத்திடுங்களேன்." பாடியவர்கள் எங்கேயோ உயிரோடு இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் நான் எந்த உரிமையில் ஏற்றுவது? பாட்டைக் கேட்கத்தானே ஒரு மணி நேரம் ரேடியோ வைத்திருக்கிறோம்!

நேற்று ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பழைய நாற்காலிகளுக்கு நடுவில் என் டர்ன்டேபிள். மூடியின் மேல் ஃபைல் கட்டு, கட்டின் மேல் காலி காபி கோப்பை. ஊசிக் கையைக் கொக்கியில் மாட்டாமலே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், வழியெல்லாம் ஆடியிருக்கிறது. குனிந்து பார்த்தால் ஊசி ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. அதன் நுனியில் இருப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்ன வைரத் துணுக்கு. புறங்கையில் லேசாக வைத்துப் பார்ப்பது என் வழக்கம், நல்ல ஊசி என்றால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இது கீறியது.

தம்பியிடம் சொன்னேன். "வேற ஊசி ஆன்லைன்ல கிடைக்கும்ணே" என்றான்.

வருகிற வெள்ளிக்கிழமை என் வீட்டு டர்ன்டேபிளை நானே தூக்கிக்கொண்டு போகிறேன். பிளக் பாயின்ட் காலி இல்லையாம், நாலாவது திரை எடுத்துக்கொண்டுவிட்டதாம். அப்படி என்னதான் அதில் காட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கடிகாரம். சுவரில் ஏற்கெனவே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிற அறையில், ஒரு திரை முழுக்கக் கடிகாரம். அதன் வயரைத்தான் பிடுங்கப்போகிறேன். மெயில் அனுப்புகிறவர்கள் அனுப்பிக்கொள்ளட்டும்.