சித்திரை வெயிலில் ஓடுவது மழைவெள்ளம் இல்லை

அந்த ரீலை நீங்க எல்லாரும் பாத்தாச்சு. ஸ்லாப் போட்டு மூடின புது ஓடை பொங்கி பஸ் ஸ்டாண்டு ரோட்டுல முழங்கால் வரை வெள்ளம், வாழைத்தடி மேல ஏறி ஒரு பையன் துடுப்பு போடுறான், பின்னணியில கேரளப் படகுப்போட்டியோட வள்ளங்களிப் பாட்டு. கீழ வரிசையா சிரிப்புப் பொம்மை. நான் எழுதினது ஒரே வரி: "தம்பி, அது மழைவெள்ளம் இல்ல, இறங்காத." உடனே "வந்துட்டாரு ஓடை என்ஜினியர்"னு ஒருத்தர். "ஊருக்கு நல்லது நடந்தா உமக்குப் பொறுக்காதே"ன்னு இன்னொருத்தர். இந்த ரெண்டாவது ஆள் எங்க வீட்டுக் கல்யாணத்துல ரெண்டு பந்தி உக்காந்தவர். இருக்கட்டும்.

கேரள எல்லையில இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நமக்கு வெள்ளம்னா குடிக்கிற தண்ணி. கிழக்கே ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலிப் பக்கம் போனா அதே சொல்லுக்கு ஊரை அடிச்சிட்டுப் போறதுன்னு அர்த்தம். நம்ம ஊருல இப்ப மூணாவதா ஒரு அர்த்தமும் வந்தாச்சு: கக்கூஸ் குழியில புறப்பட்டு பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறது.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. மழைவெள்ள ஓடை மழைவெள்ளத்துக்கு. சாக்கடைக்கு இல்ல. ரெண்டையும் ஒரே ஓடையில விட்டா ரெண்டும் கெடும்.

சந்தேகம் இருந்தா சித்திரை மாசம் நாலஞ்சு நாள் மழையில்லாம இருக்கும்போது போய்ப் பாருங்க. அந்த வெயில்ல ஓடை ஓடினா அது பெரும்பாலும் யார் வீட்டிலிருந்தோ வருது. கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒண்ணும் வேண்டாம். ஓடை ஆத்துல விழுற வாயில ஆரம்பிச்சு மேல நோக்கி நடக்கணும். சொட்டுற குழாய் ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், ஒரு போட்டோ. சோப்பு நுரை வந்தா துணி துவைக்கிற இடம். சாம்பல் நிறத்துல எண்ணெய் மினுக்கினா சமையற்கட்டு. வெள்ளையா வந்து புளிச்சு நாறினா ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகை. கறுப்பா அழுகின முட்டை வாடை அடிச்சா, அதை நான் சொல்ல வேண்டியதில்ல. எந்த வீடுன்னு உறுதி செய்ய, அந்த வீட்டுக் கக்கூஸ்ல பச்சைச் சாயத்தை ஊத்தி ஓடையில காத்து நின்னா போதும். ஸ்லாப் போட்டு மூடினதால இப்ப அதையும் பாக்க முடியல. மூடினதே அதுக்குத்தானோ என்னவோ.

"வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கே"ன்னு கேப்பீங்க. செப்டிக் டேங்க்னா ரெண்டு அறை, நடுவுல தடுப்பு, உள்ளே வர்ற இடத்துலயும் வெளியே போற இடத்துலயும் T வடிவக் குழாய். அதுலேர்ந்து வர்ற தெளிவு, அதாவது கசடு தங்கின பிறகு வர்ற வெள்ளம், உறிஞ்சுகுழிக்குப் போகணும். ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா வண்டி வச்சு கசடை எடுக்கணும். நம்ம ஊருல இருக்கிறது ஒத்தைக் குழி, மேல ஒரு நாலு இஞ்சுக் குழாய், அந்தக் குழாய்க்கு நேரே ஓடை. பத்து வருசமா எங்க வீட்டுக் குழி நிறையவே இல்லன்னு பெருமையா சொல்றவங்க இருக்காங்க. நிறையாது. எப்படி நிறையும்?

இப்ப என்னையும் சொல்லிடுறேன், இல்லன்னா கமெண்டுல யாராவது சொல்லுவீங்க. எங்க வீட்டு அடுக்களைக் குழாயும் போன வருசம் வரை அந்த ஓடையிலதான் கிடந்தது. அப்புறம்தான் மாத்தினோம். முதல்ல ஒரு சின்னத் தொட்டி, சோத்துப் பருக்கையும் எண்ணெயும் அதுல நிக்கும், வாரம் ஒருநாள் கோரி எடுக்கணும். அதிலிருந்து மீட்டருக்கு மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழத்துல ஒரு குழி. உள்ளே செங்கல் துண்டும் பெரிய ஜல்லியும், மேல மூடி. கிணத்துக்கு எதிர் மூலையில வெட்டினோம். கேரளக் கட்டட விதி கிணத்துலேர்ந்து ஏழரை மீட்டர் கேக்குது, தள்ளிப் போகப் போக நல்லது. முதல் மாசம் குழி நிறைஞ்சு பொங்கிச்சு. தொட்டியைக் கோராம விட்டதால எண்ணெய் போய் ஜல்லியில படிஞ்சிருந்தது. தப்பு எங்க மேலதான். ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட்டோம், இப்ப ஓடுது.

சரி, ஓடைக்கு வருவோம். பெய்யிற மழை ஓடைக்கு ஜாஸ்தின்னு சொல்றாங்க. கணக்குப் போடுங்க. ஒரு எக்டேர், அதாவது 247 சென்ட். மணிக்கு 50 மில்லிமீட்டர் மழைன்னா அதுல விழுறது 5 லட்சம் லிட்டர். தென்னந்தோப்பா இருந்தா ஏறக்குறைய ஒரு லட்சம்தான் வெளியே ஓடி வரும், மிச்சத்தை மண் குடிக்கும். அதே இடம் கான்கிரீட்டும் கூரையுமா ஆனா நாலரை லட்சம் வரும். மழை கூடல, கேட்டியளா. ஏலாவை, அதாவது வயலை, நிரப்பி பிளாட் போட்டதுதான் கூடினது.

ரெண்டடி அகலம், ரெண்டடி ஆழம், 500க்கு 1 சரிவு. இப்படி ஒரு சிமெண்ட் ஓடை சுத்தமா இருந்தா செகண்டுக்கு ஏறக்குறைய 360 லிட்டர் போகும். அதுல ஒரு அடி மண் படிஞ்சா? பாதி அடைஞ்சா பாதி போகும்னு நினைக்கிறோம். போகாது. 150 லிட்டருக்கு இறங்கிடும், வேகமும் குறையும். செகண்டுக்கு 60 சென்டிமீட்டர் வேகமாவது இல்லன்னா மண் அடியில தங்கிடும். தங்கின மண் வேகத்தை இன்னும் குறைக்கும், அது இன்னும் மண்ணைப் பிடிச்சு வைக்கும். கோடையில தினமும் வழியிற அடுக்களை வெள்ளம் அந்த மண்ணைச் சேறாக்கி ஒட்ட வைக்குது. ஓட்டல் கொழுப்பு பத்தி தனியா எழுதணும். பரோட்டாக் கடைக்காரர் எண்ணெய்ப் பாத்திரத்தைக் கொதிக்கிற வெள்ளத்துல கழுவி ஊத்துறார், அது கொழுப்புத்தொட்டியையும் உருகினபடியே தாண்டிப் போயிடும், போய் இருபதடி தள்ளி ஓடைக்குள்ள உறையும். மாட்டுக் கொழுப்பு மட்டுமில்ல, தேங்காயெண்ணெயே 24, 25 டிகிரியில உறைஞ்சிடும். மழை ராத்திரி அந்தக் குளிர் போதும்.

ரப்பர்காரங்க கோவிச்சுக்காதீங்க. ஒரு ஷீட்டுக்கு வெள்ளம் கலந்த ரப்பர் பால் 4 லிட்டர். அதுல அரை கிலோ ரப்பரா உறையுது, மிச்சம் மூணரை லிட்டரும் பார்மிக் ஆசிட் கலந்த தெளிவு. நூறு ஷீட் அடிச்சா 350 லிட்டர், கழுவினது தனி. அந்தத் தெளிவுல இருக்கிற புரதமும் சர்க்கரையும்தான் புளிச்சு நாறுது. ஓடையில விடாம தொட்டியில சேத்து வைங்கன்னா தொழிலைக் கெடுக்கிறேன்னு பேச்சு.

அடுத்தது "வருசா வருசம் தூர் வாருறாங்களே". வாருறாங்க. வாரின சேத்தை ஓடைக்கரையிலேயே குவிச்சு வச்சு, முதல் மழையில அது திரும்ப உள்ளே போறதுக்குப் பேரு தூர்வாரலா? அதுவும் எப்ப வாருறாங்க? சென்னைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அதனால செப்டம்பர்ல வேகம் வரும். நமக்கு இடவப்பாதின்னு தென்மேற்குப் பருவமழை ஒண்ணு, துலாவர்சம்னு வடகிழக்குப் பருவமழை ஒண்ணு. மே மாசமும் வாரணும், செப்டம்பர்லயும் வாரணும். வாரின சேறு அன்னைக்கே லாரியில ஏறணும். முப்பது மீட்டருக்கு மண் தங்குற குழி ஒண்ணு விட்டு, திறக்கிற மூடி போட்டிருந்தா குழியை மட்டும் வாரினாலே பாதி வேலை முடிஞ்சிடும். புது ஓடையில திறக்கிற மூடி எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, நான் சொல்லல. ரோட்டு வெள்ளம் உள்ளே இறங்குற ஓட்டையை எண்ணவும் ஒரு கை விரல் போதும், அதுலயும் ரெண்டைத் தார் போடும்போது மூடிட்டாங்க. ரோடு ஒவ்வொரு தடவையும் உயருது, ஓட்டை அங்கேயே கிடக்கு.

"மூடி இருந்தா ஆளை இறக்கி வாரலாம்ல"ன்னு ஒருத்தர் சாதாரணமா கேட்டார். படிச்சவர். 2024 ஜூலையில திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில போற ஆமையிழஞ்சான் தோட்டுல, அதாவது கால்வாய்ல, குப்பை வார ஒரு தொழிலாளி இறங்கினார். மழை பெய்து வெள்ளத்தோட வேகம் கூடிச்சு. உடல் கிடைக்க ரெண்டு நாளாச்சு. அதே தலைநகரத்துல 2015ல ஆபரேஷன் அனந்தான்னு ஓடைகளைத் திறந்து ஆக்கிரமிப்பை எடுத்தாங்க. அப்புறமும் 2023 அக்டோபர்ல ஊரு முங்கிச்சு. அதனால கேரளாவைப் பாருங்கன்னும் நான் சொல்ல வரல, "அங்க மட்டும் ஒழுங்கா"ன்னு கேக்குறவங்க அந்த வரியை அழிச்சிக்கலாம்.

பணம் எங்கேன்னு கேக்குறது நியாயம்தான். ஊருக்கே பாதாளச் சாக்கடை போட பணம் நிறைய வேணும். ஆனா ஓடை முனையில சாய்வா ஒரு கம்பித் தடுப்பு போட்டு, தினமும் ஒரு ஆள் குப்பையை வாரினா பிளாஸ்டிக் ஆத்துக்குப் போகாது. மழையின் முதல் சில நிமிசம்தான் ரோட்டு எண்ணெய், டயர்த் தூள், சாணி எல்லாத்தையும் அடிச்சிட்டு வரும். அதை மட்டும் ஒரு தொட்டியில நிறுத்தினாலே குழித்துறை ஆத்துக்குப் போற அழுக்குல நல்ல பங்கு குறையும். இதுக்கெல்லாம் பணத்தைவிட வெக்கம்தான் அதிகம் வேணும்.

தேங்காப்பட்டணத்துல கடல்ல கலக்குற ஆறு அது. அதுல நீச்சல் படிச்சவங்கதான் இப்ப கேன் வெள்ளம் வாங்கிட்டு, கிணத்தை மூடி மேல பூந்தொட்டி வச்சிருக்கோம். சொன்னா நான் ஓடை என்ஜினியர். ஒரு பந்தியாவது திருப்பிக் கேக்கணும்னு தோணுது.

அந்த ரீல் பையன் வீடு யாருக்காவது தெரியுமா? அவன் வலது கணுக்கால்ல கட்டு இருந்தது, நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். எலி மூத்திரம் கலந்த வெள்ளத்துல இருக்கிற கிருமி புண் வழியா உள்ளே போகும், கண், மூக்கு, வாய் வழியாவும் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்துல எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மாத்திரை கேக்கச் சொல்லுங்க. ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சலோ, கெண்டைக்கால் வலியோ, கண் சிவப்போ வந்தா, வெள்ளத்துல இறங்கினதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க. ரீலையும் காட்டலாம்.