மட்டிப்பழமும் ஆறாம் படியும்

(நாகர்கோவில், வடசேரியில் ஒரு பழக்கடை. ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் கையில் அவருடைய மகள் எழுதிய ஆய்வேடு. பிழைதிருத்தும் சிவப்புப் பேனா காதில் செருகியிருக்கிறது.)

செல்லப்பன்: பேத்திக்கு மட்டிப்பழம் இரண்டு சீப்பு எடுத்து வைத்துவிட்டேன், சாரே. ஒற்றுப்பிழை பார்ப்பதற்கா நெற்றியை இவ்வளவு சுருக்குகிறீர்கள்?

ஆசிரியர்: ஒற்றில் பிழையில்லை, செல்லப்பா, இது பண்பாட்டு உளவியல். உம்மையே கேட்கிறேன். நண்பனின் கல்யாணத்துக்கு மோதிரங்களைக் கொண்டுபோகிற ஒருவன், வழியில் பர்ஸைப் பறிகொடுத்துவிட்டு ரயில் நிலையத்தில் நிற்கிறான். பக்கத்தில் இன்னொருவருடைய கோட்டுப் பையில் டிக்கெட் எட்டிப் பார்க்கிறது. அவன் அதை எடுக்கலாமா?

செல்லப்பன்: மாப்பிள்ளை மணமேடையில் வெறுங்கையோடு விழித்துக்கொண்டிருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எடுத்துக்கொண்டு போகட்டும், பந்தி முடிந்ததும் டிக்கெட் காசோடு ஒரு பொதி பாயசமும் அந்த மனிதருக்குச் சேர்ப்பிக்கட்டும்.

ஆசிரியர்: 1992இல் வெளிவந்த ஆய்வில் மில்லர், பெர்சாஃப் என்ற உளவியலாளர்கள் இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லிக் கேட்டபோது, மைசூர்க்காரர்கள் உம்மைப் போல நண்பனுக்கான கடமையையே பெரும்பாலும் முன்வைத்தார்கள், அமெரிக்காவின் நியூ ஹேவன்காரர்களோ, அடுத்தவர் பொருளைத் தொடாத நீதியின் பக்கம் அதிகமாகச் சாய்ந்தார்கள்.

செல்லப்பன்: அப்படியானால் எனக்கு எத்தனை மதிப்பெண்?

ஆசிரியர்: உறவுக்கும் நல்ல பெயருக்கும் முதலிடம் தருகிற மூன்றாம் படி கிடைக்கலாம். ஒழுக்க வளர்ச்சிக்கு ஆறு படி கட்டிய கோல்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர், 1958இல் சிக்காகோப் பையன்களிடம் கேட்டுத் தொடங்கியவர். ஆனால் உச்சிப் படியில் அவர் உட்கார வைத்தது, காண்ட், ரால்ஸ் போன்ற தத்துவ அறிஞர்களின் சிந்தனையில் உருவான இலட்சிய மனிதனை. அவன் உறவும் ஊரும் பாராமல், எவருக்கும் பொதுவான நீதியை மட்டுமே பார்த்துத் தீர்ப்புச் சொல்பவன்.

செல்லப்பன்: அவனைக் கல்யாணத்துக்கு யாராவது அழைப்பார்களா, சாரே? பெரிய ஏத்தன் வாழைக்குலையை அளக்கிற கோலைச் சின்ன மட்டிக்குலையின் பக்கத்தில் வைத்திருக்கிறார் அந்தக் கோல்பர்க். அந்தக் கோலுக்கு மட்டி எந்நாளும் வளர்ச்சி போதாத ஏத்தன்தான். தோல் மெல்லியதா, மணம் கடைவாசல் வரை வருகிறதா என்பதற்கு அதில் கோடே போட்டிருக்காது.

ஆசிரியர்: என் மகள் நாற்பது பக்கம் எழுதியதை நீர் ஒரு குலையில் சொல்லிவிட்டீர். ஷ்வேடர் என்ற ஆய்வாளரின் குழுவினரும் புவனேஸ்வரத்தில் ஆய்ந்து, கடமையை மையமாகக் கொண்ட ஒழுக்கமும் முழு வளர்ச்சி பெற்றதாக இருக்கலாம் என்று 1987இல் வாதிட்டார்கள். அதற்காக நீர் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம்; குறளின் ஒப்புரவறிதலை உச்சிப் படியில் வைத்துக்கொண்டு நாம் நியூ ஹேவனுக்குப் போனால், நம்முடைய கோலும் அதே வேலையைத்தான் செய்யும். (சட்டைப்பையைத் தடவுகிறார்.) அடடா, பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பேத்தியோ வாசலில் காத்திருப்பாள். உறவுக் கடமை என்ற வகையில் பழத்தை இப்படியே கொண்டுபோகலாம் அல்லவா?

செல்லப்பன்: (சீப்புகளை மெதுவாகத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு) தாராளமாகப் போகலாம், சாரே. ஆனால் போன மாதத்து மூன்று சீப்பும் சிட்டையில் அப்படியே நிற்பதால், இந்தக் கடை இன்று காலை முதல் ஆறாம் படிக்கு மாறிவிட்டது.