போர்ல ஜனங்கள பட்டினி போடுறதுக்கு தடை வந்ததே 1977லதான்
1864 ஜெனீவா ஒப்பந்தத்துலதான் போர் சட்டம் முதல்ல எழுத்துல வந்துச்சுன்னு இந்தக் கட்டுரைல போட்டிருக்கு, பல நாடு சேர்ந்து போட்டதுன்னா சரி, ஆனா 1863 ஏப்ரல்லயே அமெரிக்க உள்நாட்டுப் போர் நடுவுல லிங்கன் அரசு 157 பிரிவோட லீபர் கோடுன்னு (போர் விதித் தொகுப்பு) ஒண்ண தன் ராணுவத்துக்கு உத்தரவா போட்டாச்சு, அத எழுதின சட்ட அறிஞர் பிரான்சிஸ் லீபரோட ஒரு மகன் தெற்குப் படைல செத்தான், இன்னொருத்தன் வடக்குப் படைல கைய இழந்தான். மேல கமெண்ட்ல ஒருத்தர் இந்த லீபர் கோடு மனிதாபிமானத்தோட உச்சம்னு எழுதிருக்கார், விஷம் கூடாது, சித்ரவதை கூடாதுன்னு இருக்கறது உண்மைதான், ஆனா 17, 18வது பிரிவையும் பாருங்க சார், ஆயுதம் இருக்கோ இல்லையோ எதிரிய பட்டினி போடலாம், முற்றுகைல மாட்டுன ஊர்ல சோறு மிச்சமாகட்டும்னு சாதாரண ஜனங்கள வெளிய அனுப்பினா திரும்ப உள்ளயே விரட்டலாமாம். இது ஏதோ பழைய கதைன்னு விட முடியாது, இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மனி முற்றுகை போட்ட சோவியத் நகரம் லெனின்கிராட்லேர்ந்து தப்பி வர்ற ஜனங்க மேல பீரங்கி அடிக்க உத்தரவு போட்ட ஜெர்மன் தளபதி வான் லீப் கேஸ்ல 1948ல நூரம்பர்க்ல போர்க்குற்றங்கள விசாரிச்ச அமெரிக்க தீர்ப்பாயம், சட்டம் வேற மாதிரி இருந்திருக்கலாம்னு வருத்தப்பட்டுக்கிட்டே அது குற்றம் இல்லன்னு விட்டுருச்சு, அவருக்குக் கெடச்ச 3 வருஷம் வேற குற்றத்துக்கு. பொதுமக்கள பட்டினி போட்டு சண்டை போடக்கூடாதுன்னு நேரடியா எழுதினது ஜெனீவா ஒப்பந்தங்களோட 1977 கூடுதல் நெறிமுறை 54வது பிரிவுலதான், அதுலயும் அமெரிக்கா கையெழுத்து போட்டதோட சரி, இன்னும் ஏற்பு குடுக்கல.