மெதுவாக ஓட்டுபவரைக் கடைசியில் விடலாமா?

கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுவது பற்றிய ஒரு கட்டுரை, மெதுவாக ஓட்டுபவர்களைக் கடைசியில் விட்டு, துணைக்கு ஒருவரைப் போடச் சொல்கிறது. துணை ஆள் கட்டாயம் வேண்டும், சரி. ஆனால் இடம்தான் தப்பு. சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஞாயிறு காலை மாமல்லபுரம் போகும் எந்தச் சைக்கிள் கூட்டத்தையும் பாருங்கள். உத்தண்டி டோல்கேட் பக்கம் முன்னால் போகிறவர் லேசாக வேகத்தைக் குறைப்பார். அது பின்னால் வர வரப் பெருகி, கடைசி ஆள் பிரேக் பிடித்துக் காலையே ஊன்ற வேண்டியிருக்கும். முன்வரிசை திரும்ப 28 கிலோமீட்டர் வேகம் எடுக்கும்போது அவர் 35-ல் மிதித்தால்தான் ஒட்ட முடியும். கோவளம் வருவதற்குள் மனிதர் காலி. அவரை மூன்றாவது, நான்காவது ஆளாக விட்டால் எதிர்காற்றை முன்னால் இருப்பவர்கள் தாங்கிக்கொள்வார்கள். டோல்கேட் தாண்டியதும் முன்னால் போகிறவர் சட்டென்று மிதிக்கக் கூடாது, கடைசி ஆள் சேரும்வரை உருட்டினாலே போதும்.

ஐம்பது பேர் ஒரே வாலாகப் போவதும் வேண்டாம். பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து இடைவெளி விட்டால் பஸ்காரர் முந்தி உள்ளே வர இடம் கிடைக்கும்.

முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போது, ஒதுங்க இடம் தேடி நம் முன்சக்கரத்தை முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைப்போம். அவர் ஒரு சாண் விலகி உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருபவர்தான். அங்கே வேகத்தைக் குறைத்து ஒரு சைக்கிள் நீளம் விட்டு ஓட்டுங்கள். சராசரி வேகம் குறையுமாம், வேகத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்!