ஒன்று குறைகிறது

(கோணமலை, அதாவது திருகோணமலை, கோட்டைப் பக்கம் ஒரு குட்டிப் பொம்மைக் கடை. பொம்மை செய்து விற்கிறவள் மாஸ்டரிடம் படித்தவள், அவர் அவளைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்.)

மாஸ்டர்: ஒன்று குறைகிறது பிள்ளை.

பிள்ளை: ஓம் மாஸ்டர், ஆயிரம் ரூபாய். மூன்று பொம்மைக்குமாகப் பத்தாயிரம் என்று பேசி ஒன்பதுதான் தந்தீர்கள். எப்படிக் கேட்பது என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாஸ்டர்: காசைச் சொல்லவில்லை, இராவணனைச் சொல்கிறேன். மூன்றுதரம் எண்ணிவிட்டேன், ஒன்பது தலைதான் வருகிறது.

பிள்ளை: நடுவில் ஒன்று, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. சரிதானே?

மாஸ்டர்: என்ன சரி? தசக்கிரீவன் என்று பெயர். தசம் என்றால் பத்து. சம்பந்தர் கோணமலைக்கு வந்து பாடாவிட்டாலும் கோணமலையைப் பாடியிருக்கிறார், ஏழாம் நூற்றாண்டு, பதிகத்துக்குப் பதிகம் எட்டாவது பாட்டில் இவனைத்தான் இழுப்பார். இப்படிப்பட்டவனுக்கு நீ ஒரு தலையைக் குறைத்து விற்கிறாய். சரித்திரம் என்று ஒன்று இருக்கிறதே!

பிள்ளை: பத்து வைத்தால் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் நாலு. ஐந்து இருக்கிற பக்கம் ஆள் சாய்வான். உங்களுடைய கண்ணாடி அலுமாரிக்குள் இலங்கை வேந்தன் குப்புறக் கிடந்தால் பரவாயில்லையா?

மாஸ்டர்: அதற்காகத் தலையை எடுத்துவிடுவதா?

பிள்ளை: யார் எடுத்தது? கையில் இருக்கிறதே, வடிவாகப் பாருங்கள்.

(மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். இராவணனின் கையில் வீணை, வீணையின் குடம் இருக்க வேண்டிய இடத்தில் மீசை வைத்த ஒரு குட்டித் தலை, மிளகளவு. நான் பக்கத்துக் கடையில் சோடா வாங்க வந்தவன். சோடா சூடாகிப் போனது, நகர மனம் வரவில்லை.)

பிள்ளை: கயிலைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தபோது தன் தலையில் ஒன்றைக் கிள்ளி, கை நரம்பை இழுத்துக் கட்டி, வீணையாக்கிச் சாமகானம் பாடினான் என்று ஏழாம் வகுப்பில் நீங்கள்தானே படிப்பித்தீர்கள்? நான் மறக்கவில்லை.

மாஸ்டர்: சரி. அப்படியென்றால் கையிலும் ஒன்று குறைய வேண்டுமே? இருபதில் ஒன்று போனால் பத்தொன்பது. பொறு, எண்ணுகிறேன்... பதினேழு... பதினெட்டு. பதினெட்டுத்தான்! ஒன்று குறைகிறது!

பிள்ளை: ஒரு கை வீணைத் தண்டு.

மாஸ்டர்: அதை நான் கழித்துவிட்டேன். மற்றது?

பிள்ளை: மற்றது மான்.

மாஸ்டர்: எந்த மான்? மாரீசனா?

பிள்ளை: கோட்டை மான், மாஸ்டர். பெயின்ட் காயட்டும் என்று வெளியே வைத்தேன், வந்து கடித்துவிட்டது. வாழைப்பழத் தோல் என்று நினைத்திருக்கும்.

(சொல்லி வைத்தாற்போல் ஒரு புள்ளிமான் கடைக்குள் எட்டிப் பார்த்தது. அதற்குத் தலை ஒன்றுதான், கணக்குச் சரி.)

மாஸ்டர்: சரி, இவனை விடு, புராணம். அடுத்தவனைப் பார்ப்போம். 1795 ஆகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்த இங்கிலீஷ் சிப்பாய் வேண்டும் என்றுதானே கேட்டேன்? இது என்ன தொப்பி, அரிசி ஆலைப் புகைக்கூண்டு மாதிரி?

பிள்ளை: வடிவாக இருக்கிறதுதானே?

மாஸ்டர்: வடிவு கிடக்கட்டும். இந்த ரகத் தொப்பியே 1800இல்தான் வந்தது. இவன் ஐந்து வருஷம் முந்திப் போட்டுக்கொண்டு நிற்கிறான். பிடரியில் சடையும் இல்லை. 1808இல்தான் சடையை வெட்டச் சொன்னார்கள். இதிலும் ஒன்று குறைகிறது.

பிள்ளை: உண்மையைச் சொன்னால், அது வாட்டர்லூ சண்டைச் சிப்பாயின் அச்சு, 1815. அந்த அச்சுத்தான் ஊர் முழுக்கக் கிடைக்கிறது. தொப்பியை மாற்றித் தருகிறேன், சடையும் ஒட்டித் தருகிறேன். அது என் பிழை.

மாஸ்டர்: துவக்கும் தடிப்பு. உலக்கை மாதிரி இருக்கிறது.

பிள்ளை: அது பிழை இல்லை. ஆள் 54 மில்லிமீட்டர், நிஜ ஆளில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. துவக்குக் குழாயையும் அதே கணக்கில் சுருக்கினால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அச்சிலிருந்து உரிக்கும்போதே முறியும். தடிப்பாக வார்த்தால்தான் உங்கள் பேரன் கை படும்வரைக்காவது இருக்கும்.

மாஸ்டர்: மூக்குக்குப் பக்கத்தில் ஏன் ஊத்தை?

பிள்ளை: ஐயோ, அது ஊத்தை இல்லை, நிழல். இவ்வளவு சின்ன முகத்தில் வெளிச்சம் தானாக நிழல் விழுத்தாது. மடிப்பில் கடும் நிறம், விளிம்பில் வெளிர் நிறம் என்று நாங்கள்தான் பூசவேண்டும், இல்லாவிட்டால் முகம் அவித்த முட்டை மாதிரி இருக்கும்.

மாஸ்டர்: பட்டன்? சில ரெஜிமெண்டுக்குப் பட்டன் ஜோடி ஜோடியாக வரவேண்டும். நீ வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறாய்.

பிள்ளை: நிஜத்தில் இரண்டு சென்டிமீட்டர் பட்டன், இதில் அரை மில்லிமீட்டர் சொச்சம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்துப் பட்டன் வைத்திருக்கிறேன், நீங்கள் வந்து அவை ஜோடியாக இல்லை என்கிறீர்கள். சோடி பார்ப்பது தரகர் வேலை மாஸ்டர்.

(இந்த ரகத்து ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். பட்டனில் சரித்திரம் பிழைத்தால் நித்திரை வராது, மிச்சக் காசைக் கொடுக்க மறந்தால் மட்டும் நன்றாக வரும்.)

மாஸ்டர்: மூன்றாவது யார்? நான் போர்த்துக்கேயப் பறங்கித் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கேட்டேன். 1624இல் கோட்டை கட்டினவன். நீ வெறும் மேலோடு, தலையில் சும்மாடு, அதற்கு மேலே ஒரு கல்லோடு ஆளைத் தந்திருக்கிறாய்.

பிள்ளை: தளபதி அந்தப் பெட்டிக்குள் இருக்கிறார், தலைக்கவசம், வாள், எல்லாம் சரி. இது அவரோடு சும்மா வருகிறது. கல் சுமந்தவன்.

மாஸ்டர்: கேட்காததை ஏன் செய்தாய்? ஆதாரம் இருக்கிறதா?

பிள்ளை: வரும்போது கோட்டை வாசலால்தானே வந்தீர்கள்? குளக்கோட்டன் ராசா பற்றிய கல்வெட்டும் இரட்டைக் கயலும் பொறித்த கல் அந்த வாசலில் இருக்கிறதே, இடித்த கோணேசர் கோயிலிலிருந்து தானாக நடந்தா வந்தது? தளபதியா தலையில் வைத்துக்கொண்டு வந்தார்?

மாஸ்டர்: சரி, ஆனால் உடுப்பு? இவன் இப்படித்தான் உடுத்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது?

பிள்ளை: எங்கேயும் இல்லை. அவனுடைய பட்டனை ஒருவரும் எண்ணி வைக்கவில்லை.

(மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக் கல் சுமந்தவனின் கழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே இரண்டு நரம்பு, முடி கனத்தில், நீலமாக ஓடியது. இராவணனுக்கோ சிப்பாய்க்கோ அவள் இப்படி நரம்பு வரையவில்லை, நானும் எட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.)

மாஸ்டர்: இந்த நரம்பு பரவாயில்லை.

பிள்ளை: என் அப்பாவின் கழுத்தைப் பார்த்து வரைந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்.

மாஸ்டர்: ம். எல்லாவற்றையும் கட்டு. கோழிப் பெட்டி மாதிரி இறுக்காதே, தலை கழன்றுவிடும், ஏற்கெனவே ஒன்று குறைகிறது.

பிள்ளை: கட்டுகிறேன். அந்த ஆயிரம்?

மாஸ்டர்: எந்த ஆயிரம்?

பிள்ளை: பத்தில் ஒன்பது தந்தீர்களே. ஒன்று குறைகிறது.

மாஸ்டர்: ஓ, அதுவா? அதை நான் வீணை செய்துவிட்டேன்.

பிள்ளை: நல்லது மாஸ்டர். இருந்து வாசித்துக் காட்டுங்கள், கேட்டுவிட்டுப் பெட்டியைத் தருகிறேன்.