பக்னர் மேல் மட்டும் பழி போடாதீர்கள்

"பக்னர் அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் 1986 உலகத் தொடர் பாஸ்டனுக்குத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அமெரிக்க பேஸ்பால் சாம்பியனை முடிவு செய்யும் அந்தத் தொடரில் மோதியவை பாஸ்டன் ரெட் சாக்ஸும் நியூயார்க் மெட்ஸும்; பக்னர் பாஸ்டனின் முதல் பேஸ் காவலர்.

அக்டோபர் 25, ஷே மைதானம், ஆறாவது ஆட்டம். பத்தாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5-3 என முன்னிலை. மெட்ஸுக்கு இரண்டு அவுட், பேஸில் ஒருவரும் இல்லை; மூன்றாவது அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அப்புறம் கார்ட்டர், மிட்செல், நைட் என்று வரிசையாக மூன்று சிங்கிள்கள் (அடித்தவர் முதல் பேஸை எட்டும் அடிகள்), 5-4. அடுத்து பாஸ்டனுக்குப் பந்து வீச வந்த ஸ்டான்லியின் வீச்சு ஒன்று கேட்சரைத் தாண்டி ஓட, மிட்செல் ஓடி வந்து 5-5 ஆக்கிவிட்டார். மெட்ஸின் முக்கி வில்சன் அடித்த பந்து பக்னரின் கால்களுக்கு நடுவே போய் மெட்ஸ் வென்றது அதற்குப் பிறகுதான்! பிடித்திருந்தால் ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

சொல்லப்போனால், கணுக்கால் வலியோடு நொண்டிக்கொண்டிருந்தவரை அந்த நேரத்தில் களத்திலேயே விட்டுவைத்த மேலாளர் மெக்நமாராவைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தொடரும் அன்றோடு முடியவில்லை. அக்டோபர் 27 அன்று ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் 3-0 என முந்தியிருந்தும் 8-5 என்று தோற்றது.