கொமாக் கணக்கு

தோக்கியோவின் நிஷிகசாய்ப் பகுதியில் நம்மவர் வீட்டு விருந்துகளுக்குப் போனால், கணவருடன் புதிதாக வந்து இறங்கிய பெண் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துச் சென்று அதே கேள்வியைக் கேட்கிறார்: "அக்கா, எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும், பகுதி நேரமாகப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாமா?" ஆறு ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறேன் என்பதால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்து மட்டும் இறங்காதீர்கள் என்பதைச் சற்று விரிவாகவே இங்கே எழுதிவைக்கிறேன்.

எய்கைவா எனப்படும் தனியார் பேச்சு ஆங்கிலப் பள்ளிகள் பலவற்றில் கூலி மணிக்கு அல்ல, கொமாவுக்கு, அதாவது ஒரு பாடவேளைக்கு. சனிக்கிழமைகளில் நான் போய்வந்த ஒரு பள்ளியில் ஐம்பது நிமிடக் கொமாவுக்கு 2,000 யென் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு கொமா. அவற்றுக்கு நடுவே சம்பளமில்லாத ஒரு மணி நேரம். பாடம் தயாரிக்க இருபது நிமிடம். ரயிலில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஆக, நான்கரை மணி நேரத்துக்கு 4,000 யென், மணிக்கு 890 யென் கூட வரவில்லை. 2024 அக்டோபரில் தோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 1,163 யென் ஆனது. பயண நேரத்தைச் சட்டம் வேலை நேரமாக எண்ணாது என்பது எனக்கும் தெரியும். என் முழங்கால் எண்ணுகிறது. பள்ளி பெரியது என்பதும் காப்பல்ல. அன்று நாட்டின் மிகப் பெரிய எய்கைவா நிறுவனமாக இருந்த நோவா 2007 அக்டோபரில் நொடித்துப்போனபோது, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் சம்பளப் பாக்கியோடு நடுத்தெருவில் நின்றார்கள்.

அடுத்தது விசா. கணவரைச் சார்ந்து வந்தவர்கள் குடிவரவு அலுவலகத்தில் அனுமதி பெற்ற பிறகே வேலைக்குப் போகலாம். எத்தனை இடங்களில் வேலை செய்தாலும் எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 28 மணி நேரம்தான். வாரத்தை எந்தக் கிழமையிலிருந்து எண்ணினாலும் அந்த வரம்பைத் தாண்டக் கூடாது. காபிக் கடையில் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து, கையில் பணம் வாங்குவது இந்தப் பொது அனுமதியில் அடங்காது. வேலை நேரத்தைச் சரிபார்க்க வழியில்லாத சுயதொழில் என்பதால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். "எல்லோரும் செய்கிறார்களே" என்பார்கள். விசா நீட்டிப்பின்போது அந்த எல்லோரும் உங்களுடன் வந்து வரிசையில் நிற்கப் போவதில்லை.

இப்போது நான் வாரத்தில் இரண்டு நாள் ஒரு தொடக்கப்பள்ளிக்குத் துணை ஆசிரியராகப் போகிறேன். 2020இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டதால் இந்த வேலைக்கு ஆள் தேவை இருக்கிறது. என்ன ஒப்பந்தம் என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கியோமு இதாகு என்ற குத்தகை முறையில் வேலையை எடுத்த ஒரு நிறுவனம் உங்களை அனுப்பினால், வேலை ஏவ வேண்டியது அந்த நிறுவனம்தான். அதனால் உடன் நிற்கும் வகுப்பாசிரியர் "இந்த வரியை இன்னொரு முறை வாசியுங்கள்" என்று உங்களுக்கு நேரடியாக ஏவுவதே சட்டச் சிக்கலாகலாம். ஒரே அறையில் இருவர் ஊமை நாடகம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளி மூடியிருக்கும் ஆகஸ்டில் எனக்கு வருமானமும் இல்லை.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தெரிந்திருப்பது இதில் பாதிகூட இல்லை. ஜப்பானிய மொழியில் 'ன்' ஒலியைத் தவிர வேறு மெய்யில் சொல் முடியாது என்பதால், பிள்ளைகள் 'மில்க்' என்பதை 'மிருக்கு' என்கிறார்கள். பஸ்ஸு, பேங்க்கு என்று உகரம் ஒட்டிப் பேசி வளர்ந்த நமக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? கடினமானது மௌனம். கேள்வி கேட்டதும் மாணவர் தலையைக் குனிந்துகொள்வார். முழு வாக்கியத்தையும் மனத்துக்குள் கட்டி முடித்துத் திருத்திய பிறகே வாயைத் திறப்பார். அந்த இடைவெளியில் நாம் புகுந்து பதிலைச் சொல்லிவிட்டால் அன்றைய பாடம் போயிற்று. மனத்துக்குள் பதினைந்து எண்ணப் பழக எனக்கு ஓராண்டு ஆனது.

பள்ளி மதிய உணவில் மீனோ இறைச்சியோ இல்லாத நாள் குறைவு என்பதால் அனுமதி பெற்று வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுபோகிறேன். வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து சோறு பரிமாறிக்கொண்டிருந்த நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒரு நாள் என் டப்பாவை எட்டிப் பார்த்துக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். வகுப்பில் ஒரு சொல் பேசாதவள். "யோகர்ட்டோ? ரைஸ்? ஒய்?" என்றாள். எனக்குத் தெரிந்த அளவில் அவள் தானாகக் கேட்ட முதல் ஆங்கிலக் கேள்வி அதுதான். ஒரு வாய் தரட்டுமா என்று கேட்டபோது மட்டும் "நோ, தேங்க் யூ" என்று மிகத் தெளிவாகச் சொன்னாள்.

சனிக்கிழமைக் கொமாக்களை விட்டுவிட்டேன். பள்ளியின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. ஏப்ரலுக்கான தாள் வந்ததும் மறுபடி கையெழுத்திடுவேன், ஆகஸ்டு மாதத்துக்கான பணத்தை இப்போதிருந்தே தனியாக எடுத்துவைத்துக்கொண்டு.